‘வெசனமா இருக்குதுங்க..!’ - லேசான மனச்சோர்வுக்குச் சீன ஊசி வைத்தியம் கைகொடுக்குமா?

கொங்கு நாட்டில் ‘வெசனம்’ என்றொரு சொல் புழங்குகிறது. கவலை என்று பொருள் சொல்லிவிடலாம். ஆனால், கவலைக்கு ஒரு காரணம் இருக்கும். வெசனத்துக்குப் பல நேரம் அதுவும் இருக்காது. ‘பாவம், அவளுக்கு என்னமோ வெசனம். சரியாச் சோறு திங்கறதில்ல, யார்கிட்டயும் பேச்சுமில்ல’ என்று பவானி, அந்தியூர் பக்கத்துத் திண்ணைகளில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதே பெண் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது வெசனம் என்ற சொல் வாயில் வருவதில்லை. ‘மேலெல்லாம் நோவுதுங்க. தல கிறுகிறுன்னு வருது. ராத்திரி தூக்கம் புடிக்கறதில்லீங்க’ என்பார். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, தலைக்கு ஒரு ஸ்கேன். எல்லாம் நார்மல். ‘உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா’ என்று சத்து டானிக்கும், சில சமயம் ஒரு தூக்க மாத்திரையும் எழுதித் தருவார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்ட பிறகு, தொடர்ந்து நோவுது என்று சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாகிவிடும். பிறகு திட்டி சுத்திப்போடுவார்கள், கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். கடைசியில் யாராவது ஓர் அத்தையோ சித்தியோ வழி சொல்வார். ‘அக்குபங்சருக்குப் போய்ப் பாரு கண்ணு. மாத்திரையே கெடையாது!’

ஈரோட்டிலிருந்து கோவை வரை இன்று அக்குபங்சர் போர்டு இல்லாத ஊர் குறைவு. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போனவர்கள், இப்போது ‘மனசு சரியில்லை’ என்றும் போகிறார்கள். அங்கே போனால் உண்மையிலேயே பலன் உண்டா?

லேசான மனச்சோர்வுக்கு ஓரளவு உதவலாம் என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அது லேசானதுதான் என்று யார் முடிவு செய்கிறார்கள், ஊசி குத்துபவர் வேறு எதையெல்லாம் நிறுத்தச் சொல்கிறார்... உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஊசியைவிட இந்த இரண்டும்தான் முக்கியம்.

லேசானதா, இல்லையா?

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் டாக்டர்கள் பயன்படுத்தும் எளிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. பி.ஹெச்.கியூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்திருந்ததா, தூக்கம் எப்படி, களைப்பு எப்படி, பசி எப்படி, தன்மீதே வெறுப்பு வந்ததா, கவனம் சிதறியதா, பேச்சும் நடையும் மந்தமானதா அல்லது நிலைகொள்ளாமல் தவித்தீர்களா, செத்துப்போனால் தேவலை என்றோ உடம்பைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா? மொத்தம் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. இதில் 5 முதல் 9 வரை வந்தால் லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், அதற்கு மேல் போகப்போகக் கடுமை.

ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் தனிக் கணக்கு. மற்ற எட்டுக்கும் எவ்வளவு குறைவாக மதிப்பெண் வந்தாலும், சாவு பற்றிய எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால் அதை லேசானது என்று ஒதுக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது இடம். எனவே ‘எல்லார்க்கும் இருக்கறதுதான், விடு’ என்று சொல்வதற்கு முன் நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வித்தாள் ஒரு தராசு மட்டும்தான். எதனால் சோர்வு என்று அது சொல்லாது. தைராய்டு குறைந்தாலும் இதே களைப்பு, இதே மந்தம் வரும். ரத்தசோகையிலும் வரும். பி12 குறைந்தாலும் வரும். பிரசவம் முடிந்த மாதங்களிலும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் ஹார்மோன் மாற்றங்களோடு சேர்ந்து வரும். தைராய்டு குறைந்த ஒருவருக்கு எத்தனை ஊசி குத்தினாலும் தைராய்டு ஏறப்போவதில்லை. ஆக, முதல் ஊசி ரத்தம் எடுக்கும் ஊசியாக இருப்பது நல்லது!

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார். அவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை. ‘பைத்தியக்கார டாக்டர்கிட்டயா போறது? நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?’ என்ற பயம் அதில் பெரும்பங்கு. அக்குபங்சர் போர்டுக்கு அந்தப் பயம் இல்லை. முதுகுவலிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பலர் அங்கே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சீனத்து ‘ஈரக்குலை’

உடம்பு நோவு என்று மனநோவைச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மேன், 1980-ல் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஓர் ஆய்வு செய்தார். தலைவலி, தூக்கமின்மை, களைப்பு என்று வந்து ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சீட்டு எழுதப்பட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். அவர்களில் 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு நோய். அவர்களில் பெரும்பாலோர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. நரம்புத் தளர்ச்சி! நம்ம ஊர்ச் சுவர் விளம்பரங்களில் எத்தனை முறை பார்த்திருப்போம் இந்தச் சொல்லை.

சீன மருத்துவம் உடம்பையும் மனதையும் தனித்தனியாகப் பிரிக்காதது இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. அவர்கள் கணக்கில் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஓர் உறுப்பு வீடு. கோபத்துக்குக் கல்லீரல், மகிழ்ச்சிக்கு இதயம், ஓயாத யோசனைக்கு மண்ணீரல், துக்கத்துக்கு நுரையீரல், பயத்துக்குச் சிறுநீரகம். ‘சீ’ என்கிற உயிர்ச்சக்தி உடம்பெங்கும் ஓட வேண்டும். மனதில் எதையாவது அடக்கி அடக்கி வைத்தால் அந்த ஓட்டம் கல்லீரலில் தேங்கிவிடும். பெருமூச்சு, நெஞ்சு இறுக்கம், எரிச்சல், அழுகை எல்லாம் அதிலிருந்து கிளம்பும் என்பது அவர்கள் விளக்கம். ஸ்கேன் எடுத்தால் இந்தத் தேக்கம் தெரியாது. நவீன மருத்துவம் சொல்லும் கல்லீரலும் இதுவும் ஒன்றல்ல. ஆனால், பயந்தால் ‘ஈரக்குலையே நடுங்கிப்போச்சு’ என்றும், பொறாமைக்கு ‘வயித்தெரிச்சல்’ என்றும் சொல்கிற நமக்கு இந்தப் பேச்சு சுலபமாகப் புரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்வார்கள். தொண்டையில் எதுவோ சிக்கியது போலிருக்கும். விழுங்கினாலும் போகாது, காறினாலும் வராது. ‘பிளம் பழக் கொட்டை சிக்கிய நோய்’ என்று அதற்குச் சீனத்தில் பெயர். சொல்ல முடியாத வருத்தம்தான் அங்கே கொட்டையாக நிற்கிறதாம். மாமியார் முன்னால் வாயை மூடிக்கொண்ட மருமகள்கள் எந்த நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

மருந்துகளும் பழமையானவை. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவரின் நூலில், காரணமில்லாமல் துக்கப்பட்டு அழும் பெண்களுக்கு ஒரு கஷாயம் சொல்லப்பட்டிருக்கிறது. அதில் மூன்றே பொருள்கள்... அதிமதுரம், கோதுமை, சீனத்து இலந்தை. மூன்றுமே நமக்கு அந்நியம் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் சோங் அரசாட்சிக் காலத்து அரசு மருந்து நூலில் வரும் ‘சியாவ் யாவ்’ பொடி இன்னும் பிரபலம். ‘கவலையற்றுத் திரிபவர்’ என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லலாம். எட்டு மூலிகைகள், அதில் அதிமதுரம், இஞ்சி, புதினா மூன்றும் நம் அடுப்படி வரை வந்தவை. மற்ற ஐந்தும் இங்கே எளிதில் கிடைக்காதவை. இவற்றுக்குப் பெயர்களும் வரலாறும் இருப்பதாலேயே எல்லாருக்கும் ஏற்றவை என்று ஆகிவிடாது. அது பற்றிப் பிறகு.

ஊசி இந்தியாவுக்கு வந்த கதை

1938-ல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு, இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. சோலாப்பூர்க்காரரான துவாரகநாத் கோட்னிஸ் அங்கேயே பணியாற்றி 1942-ல் இறந்துபோனார். சாந்தாராம் அவர் கதையை 1946-ல் சினிமாவாகவே எடுத்தார். அந்த ஐவரில் இன்னொருவரான பிஜய் குமார் பாசு உயிரோடு திரும்பினார். அவர் 1958-ல் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு வந்து, கொல்கத்தாவில் நோயாளிகளுக்கு ஊசி குத்தத் தொடங்கினார். இந்தியாவில் இந்த வைத்தியம் வேர்விட்டது அப்படித்தான்.

மேற்கு வங்கம் 1996-ல் அக்குபங்சருக்குத் தனிச் சட்டமே போட்டது. பின்னர் மகாராஷ்டிரமும் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசு 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, பதிவுபெற்ற மருத்துவர்களும் முறையான பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்றது. 2019-ல் தனி முறையாக அங்கீகரித்தது. நம் ஊரில் இயற்கை மருத்துவம் - யோகா பட்டப்படிப்பிலும் அக்குபங்சர் ஒரு பாடம்.

தமிழ்நாட்டில் இது பரவிய விதமே தனி. நாடி பார்ப்பது நமக்குப் புதிதல்ல; வர்மப் புள்ளிகளும் புதிதல்ல. அதனால் ‘பழகியதுதான், கொஞ்சம் வேறு மாதிரி’ என்று மக்கள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். கூடவே இங்கே ஊசியே இல்லாத ஒரு கிளையும் செழித்தது. நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, விரலால் சில விநாடிகள் தொட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். தொடு சிகிச்சை. ‘மருந்தில்லா மருத்துவம்’ என்ற பெயரில் உணவு, தூக்கம், பட்டினி பற்றிய தத்துவங்களும் சேர்ந்து வரும். சிலர் சில மாத வகுப்பு முடித்துவிட்டு ‘ஹீலர்’ என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள்.

இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மனச்சோர்வுக்கு அக்குபங்சர் பலன் தருவதாக வெளிநாட்டு ஆராய்ச்சிகளை எடுத்துக்காட்டுபவர்கள், அவை பெரும்பாலும் ஊசி குத்திச் செய்த ஆராய்ச்சிகள் என்பதைச் சொல்வதில்லை. ஊசிக்குக் கிடைத்த மதிப்பெண்ணை விரலுக்குப் போட முடியாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில் ஒன்று, 2013-ல் இங்கிலாந்திலிருந்து வெளியானது. மனச்சோர்வுள்ள 755 பேர். அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டாவது பிரிவுக்கு அதனோடு அக்குபங்சர். மூன்றாவது பிரிவுக்கு அதனோடு மனநல ஆலோசனை. வாரம் ஒரு முறை வீதம் 12 அமர்வுகள் வரை. மூன்று மாத முடிவில், ஊசி போட்டுக்கொண்டவர்களும் ஆலோசனை பெற்றவர்களும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஊசிக்கும் பேச்சுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஊசியும் பேச்சும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டன. அதற்குப் பதிலாக அல்ல. இரண்டாவது, இதில் போலி ஊசி வைத்து ஒப்பிடவில்லை.

அதென்ன போலி ஊசி? சரியான புள்ளியை விட்டுத் தள்ளிக் குத்துவார்கள், அல்லது குத்துவது போலத் தொட்டுவிட்டு உள்ளே இறங்காத ஊசியைப் பயன்படுத்துவார்கள். நோயாளிக்குத் தெரியாது. அப்படி ஒப்பிட்ட ஆய்வுகளையும் சேர்த்து, 64 ஆய்வுகளில் பங்கேற்ற 7,104 பேரின் முடிவுகளை 2018-ல் காக்ரேன் குழு அலசியது. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் அக்குபங்சர் மனச்சோர்வின் கடுமையை ஓரளவு குறைக்கலாம். போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சின்னது. ஆய்வுகள் பலவற்றின் தரமும் போதாது என்றார்கள்.

அதாவது போலி ஊசியிலும் பலருக்கு நன்றாகிறது! இதைக் கேட்டதும் ‘அப்படியென்றால் எல்லாம் ஏமாற்று’ என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அமர்வில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். தூக்கம் எப்படி, கனவு வருகிறதா, எந்தச் சுவை பிடிக்கும், கை கால் சில்லென்று இருக்கிறதா, எதற்குக் கோபம் வருகிறது? நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள். இரண்டு கை நாடியையும் பொறுமையாகப் பிடித்துப் பார்க்கிறார்கள். ‘ஒண்ணும் இல்லம்மா’ என்று யாரும் சொல்வதில்லை. பிறகு இருபது, முப்பது நிமிடம் அமைதியாகப் படுக்கவைக்கிறார்கள். விடிகாலை எழுந்து பால் கறந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தறியிலும் உட்கார்கிற ஒரு பெண்ணுக்குப் பட்டப்பகலில் அரை மணி நேரம் படுத்திருக்க வேறு யார் அனுமதி கொடுக்கிறார்கள்?

இந்தக் கேட்பும், தொடுதலும், ஓய்வும், ‘அடுத்த வாரம் வாங்க’ என்ற அழைப்பும் லேசான மனச்சோர்வுக்கு மருந்துபோலத்தான். ஊசியின் பங்கு கொஞ்சம், இவற்றின் பங்கு அதிகம் என்று அந்த ஆய்வுகளைப் படித்தால் தோன்றுகிறது. அப்படியானால் நம் ஆஸ்பத்திரிகள் ஏன் இதைக் கொடுப்பதில்லை என்பது வேறு கேள்வி. நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி-யில் ஒரு டாக்டரால் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும்?

போவது என்றால் எப்படிப் போவது?

அக்குபங்சர் ஊசி, நாம் பயப்படும் ஊசி அல்ல. உள்ளே துளை கிடையாது, மருந்தும் கிடையாது. கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய எஃகுக் கம்பி. எறும்பு கடித்தது போல் ஒரு சுருக், பிறகு கொஞ்சம் கனம் அல்லது மதமதப்பு. மனச்சோர்வுக்கு உச்சந்தலை, இரு புருவங்களின் நடு, மணிக்கட்டின் உட்புறம், கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட மேல்பாதம் ஆகிய இடங்களில் குத்துவது வழக்கம். உச்சந்தலைப் புள்ளிக்குச் சீனத்தில் ‘நூறு சந்திப்பு’ என்று அர்த்தம் வரும் பெயர். பவானிக்காரர்கள் ‘கூடுதுறை’ என்றே மொழிபெயர்த்துக்கொள்ளலாம்!

யாரிடம் போகிறோம் என்பதைக் கேட்காமல் படுக்கக் கூடாது. என்ன படித்தீர்கள், எங்கே, எத்தனை வருடம் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் அதுவே பதில். ஊசிப் பொட்டலம் உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டும். பழைய ஊசியில் மஞ்சள் காமாலை வைரஸ் உட்காரலாம். நெஞ்சிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழுவது அபூர்வமாக நடந்திருக்கிறது. கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரலாம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஆறு, எட்டு அமர்வுகளுக்குப் பிறகும் தூக்கமோ பசியோ மனமோ கொஞ்சமும் மாறவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ‘கழிவு வெளியேறுது, அதான் அதிகமாகுது’ என்று சமாதானம் சொன்னால் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். மனச்சோர்வு கூடுவது கழிவு வெளியேறுவது அல்ல. நோய் கூடுகிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ஒரு வாக்கியம்: ‘இங்கிலீஷ் மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடுங்க.’ மனச்சோர்வுக்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், படபடப்பு, தூக்கம் கெடுதல், எரிச்சல் வரும். விட்டுப்போன நோய் திரும்பவும் வரலாம். எழுதிக்கொடுத்த டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தைராய்டுக்கும் சாப்பிடும் மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்தச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படியை விட்டு உடனே இறங்கிவிடுங்கள்.

ஆனால், லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பிலேயே மாத்திரை வேண்டாம் என்று நினைப்பதில் தப்பில்லை. இங்கிலாந்தின் ‘நைஸ்’ அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு முதல் சிகிச்சையாக மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், பேச்சு சிகிச்சையையும் குழுவாகச் செய்யும் உடற்பயிற்சியையும் முதலில் பாருங்கள் என்றே சொல்கிறது. நோயாளியே மாத்திரையை விரும்பிக் கேட்டால் அது வேறு.

மூலிகைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அதிமதுரம் இனிப்புதான், ஆனால், அதிகமாகத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். சியாவ் யாவ் பொடியில் உள்ள ‘டாங் குய்’ வேர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு ஆபத்து. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்க என்று கொடுத்த சீன மூலிகைக் கலவையில் ஒரு வேருக்குப் பதில் வேறொரு நச்சு வேர் கலந்து, பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆன்லைனில் சீன எழுத்துப் போட்ட டப்பாவைப் பார்த்து வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசியோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

ஊசி எட்டாத இடங்கள்

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. குழித்தறியில் கால் தொங்கவிட்டு நாள் முழுக்க நெய்தவர்களுக்குக் கிடைக்கும் கூலியில் அதனால் விடிவு வந்துவிடவில்லை. குழுக் கடன் வாரா வாரம் வாசலில் நிற்கிறது. சாயங்காலம் டாஸ்மாக்கிலிருந்து திரும்பும் கணவன். இன்னொரு பக்கம், தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவும் அம்மாவும். மகன் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்குப் போக வேண்டுமானாலே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். இவர்களின் வெசனத்துக்குக் கல்லீரலில் தேங்கிய ‘சீ’தான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உண்மையான கஷ்டத்துக்கு உண்மையான உதவி வேண்டும். கடன் தீர வேண்டும், குடி நிற்க வேண்டும், பேச ஆள் வேண்டும்.

சீன மருத்துவத்தில் ஊசியும் மூலிகையும் மட்டும் இல்லை. மெதுவாக உடம்பை அசைத்து மூச்சோடு சேர்க்கும் பயிற்சிகளும் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு ‘எட்டுத் துண்டுப் பட்டு’ என்று பெயர். நெசவு ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். 218 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2024-ல் பி.எம்.ஜே மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையில், நடை, மெல்லோட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைப்பதில் நல்ல மதிப்பெண் வாங்கின; சீனத்துத் தாய்ச்சி, சிகோங் பயிற்சிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. பவானியில் நடப்பதற்குச் செலவே இல்லை. 13-ம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் இங்கேதான் தொடங்குகிறது. அதன் கரையில் காலை வெயிலில் அரை மணி நேரம், துணைக்கு ஒரு தோழியோடு. தனியாக நடப்பதைவிடப் பேசிக்கொண்டு நடப்பது மேல். ‘எனக்கு எழுந்திரிக்கவே தெம்பில்லீங்க’ என்பவர்களுக்குத் தெருமுனை வரை போதும், முதல் வாரத்துக்கு.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ‘உனக்கு என்ன கொறைச்சல்?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தால் அவர் ஏன் படுத்துக்கிடக்கிறார்? ‘வா அம்மிணி, நானும் கூட வர்றேன்’ என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்; எந்தக் கிழமை வருகிறார் என்று உங்கள் தாலுகா மருத்துவமனையில் விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் ‘மேலு நோவுது, தூக்கமில்லை’ என்பதோடு இன்னும் ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்... ‘மனசும் சரியில்லீங்க, ரெண்டு வாரமா வெசனமாவே இருக்குது.’ அந்த ஒரு வரி டாக்டரின் அடுத்த கேள்வியையே மாற்றிவிடும். அக்குபங்சர் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் போன் இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் செயல்படும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.